கோயம்பேட்டில் அரைக்கூலி

மாமல்லபுரம் பார்க்க வேண்டும், தி.நகரில் அப்பாவுக்கு வேட்டி எடுக்க வேண்டும், மெரினாவில் சுண்டல் தின்ன வேண்டும். விடுப்புக்கு விண்ணப்பித்தபோது மனசில் இருந்தது இவ்வளவுதான். இதில் வேட்டி மட்டும் நடந்தது, அதுவும் தி.நகரில் இல்லை. மற்ற நாளெல்லாம் கரும்பு தூக்கினேன். அன்றன்றைக்குக் கைப்பேசியில் தட்டி வைத்ததைத்தான் போடுகிறேன். சில நாள் விரல் எரிந்ததால் சுருக்கமாக இருக்கும்.

ஜனவரி 9, 2025, வியாழன்

கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பினேன். குடிநுழைவில் பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். ஒரே அழுத்தில் எடுத்துக்கொண்டது.

தங்கியது நெற்குன்றத்தில், பெரியப்பா வீட்டில். பெரியப்பா என்றால் கூடப்பிறந்த முறை இல்லை. என் தாத்தாவின் அப்பாவும் இவருடைய தாத்தாவும் அண்ணன் தம்பி. அண்ணன் கங்காணி பேச்சைக் கேட்டு ரஜூலா கப்பலேறி மலாயாவில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டப் போனார். தம்பி வந்தவாசிப் பக்கம் கிராமத்திலேயே இருந்துவிட்டார். நூறு வருஷம் ஆகப்போகிறது. எங்களைத் தேடிக் கண்டுபிடித்தது பெரியப்பாதான், அதனால் முறை விட்டுப்போகவில்லை.

பெரியப்பாவுக்குக் கோயம்பேட்டில் சின்னத் தக்காளிக் கடை. பொங்கல் நெருங்கினால் சிறப்புச் சந்தையில் இடம் பிடித்துக் கரும்பும் மஞ்சள் கொத்தும் போடுவார். இந்த வருஷம் கடைப் பையன் ஒருத்தன் ஊருக்குப் போய்விட்டான், இன்னொருத்தன் கால் மேல் தக்காளிப் பெட்டி விழுந்து வீட்டில் கிடக்கிறான். ராத்திரி தோசை தின்றுகொண்டிருக்கும்போது பெரியப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"நாலு நாளைக்கு என்கூட வந்து நில்லேன்."

"நிக்கிறதுன்னா பெரியப்பா?"

"சும்மா நிக்கிறதுதான்."

இந்தப் பயணத்தில் நான் கேட்ட பெரிய பொய் அது. சுற்றுலா விசாவில் வந்தவன் வேலை பார்க்கக் கூடாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "உனக்குச் சம்பளம் யார் குடுக்கப்போறா?" என்றார். பெரியம்மா இன்னொரு தோசையைப் போட்டார்.

ஜனவரி 10, வெள்ளி

விடியற்காலை மூணரைக்கு எழுப்பினார்கள். வைகுண்ட ஏகாதசி. பெரியம்மா திருவல்லிக்கேணிக்குச் சொர்க்கவாசல் பார்க்கக் கிளம்பினார், நாங்கள் கரும்பு பார்க்க.

கோயம்பேட்டுச் சந்தை 295 ஏக்கர். 1996ல் கொத்தவால் சாவடியை இங்கே கொண்டுவந்தார்கள். பெரியப்பா அந்தப் பழைய சாவடியில் எலுமிச்சை மூட்டைக்குக் காவல் இருந்த பையன். இன்றைக்கும் வாய் தவறி 'சாவடிக்குப் போறேன்' என்றுதான் சொல்கிறார். நான் எதிர்பார்த்தது நாற்றம். முதலில் வந்தது கொத்தமல்லி வாசனை, அப்புறம் டீசல், அப்புறம்தான் நீங்கள் நினைக்கிற நாற்றம். கீழே அழுகிய கோஸ் இலையும் சேறும். ஊரில் ஓட்டத்துக்கு வாங்கிய காலணியை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். பத்தே நிமிஷத்தில் அதன் நிறம் எனக்கே மறந்துவிட்டது.

கரும்பு தோகையோடு வரும். இருபது கரும்பு ஒரு கட்டு. கடலூர்ப் பக்கத்துச் சரக்கு, கறுத்துத் தடித்து, என்னைவிட உயரம். கட்டு 450 ரூபாய், சோடியாக வாங்கினால் 100. என் வேலை, வாங்கியவர்களின் வண்டி வரைக்கும் கொண்டுபோய் வைப்பது. ஒரு கட்டு முப்பது கிலோவுக்குக் குறையாது. நான் தூக்கவில்லை, ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். தோகை தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது. "தெருவ பெருக்குறியா நைனா?" என்று மஞ்சள் கடைக்காரர் கேட்டார்.

வியாபாரம் மந்தம். நேற்றிலிருந்து ரேஷன் கடையில் அட்டைக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு கொடுக்கிறார்கள். "வீட்டுக்கு ஒண்ணு கவர்மெண்டே குடுத்துட்டா என்கிட்ட எதுக்கு வருவான்?" இது பெரியப்பாவின் குறை. வருகிறவர்களுக்கு வேறு குறை. போன வருஷம் அதோடு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்களாம், இந்த வருஷம் அது இல்லை. அந்தக் கோபத்தை எங்கள் கரும்பு விலையில் காட்டினார்கள்.

என் தமிழும் இரண்டு இடத்தில் கவிழ்த்துவிட்டது. ஒரு அம்மாளிடம், "உங்க காடி எங்க நிக்குது?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காடி என்றால் கார். இங்கே புளித்த தண்ணி. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெரியப்பாவிடம் போய், "இந்த ஆள் குடிச்சிருக்காரா?" என்றார். எங்கள் ஊர் ரிங்கிட்டை வெள்ளி என்போம், இன்னொருவரிடம் பழக்கதோஷத்தில் 'நூறு வெள்ளி' என்றேன். "வெள்ளிக்கு நகைக்கடைக்குப் போ தம்பி, எனக்குக் கரும்பு போதும்."

ஏகாதசி என்பதால் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. காலையில் அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய். எங்கள் காசுக்கு ஐந்து சென், அந்தக் காசை எங்கள் ஊரில் குனிந்து பொறுக்கக்கூட மாட்டோம். ஆறு இட்லி தின்றேன். சாம்பார் தண்ணியாக இருந்தாலும் சூடாக இருந்தது. பக்கத்தில் நின்று சாப்பிட்ட பெரியவர் என் தட்டைப் பார்த்து, "இன்னும் ரெண்டு வாங்கிக்கோ, உடம்பு வேலை செய்யிறவன் கணக்குப் பாக்கக் கூடாது" என்றார். என் பிழைப்பே கணக்குப் பார்ப்பதுதான் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 11, சனி

கழுத்திலும் முழங்கையிலும் சுணை. கரும்புத் தோகையில் கண்ணுக்குத் தெரியாத முள் மாதிரி ஒன்று இருக்கிறது, வியர்வை பட்டால் தீயாக அரிக்கிறது. தோகை ஓரம் பிளேடு மாதிரி அறுக்கிறது. பெரியம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு முழுக்கைச் சட்டை கொடுத்தார், பெரியப்பாவுடையது, இரண்டு பேர் நுழையலாம்.

இன்றைக்குக் கவனித்தது ஒன்று. அதே ஆள்தான் நான், ஆனால் கரும்போடு நிற்கும்போது முகத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. கண்ணாடியை இறக்காமல் விரலாலேயே டிக்கியைக் காட்டினார் ஒருவர். வைத்ததும் இருபது ரூபாயை ஜன்னல் இடுக்கில் நீட்டினார். நான் வாங்குவதற்குள் நழுவிச் சேற்றில் விழுந்தது, வண்டி போய்விட்டது. எடுத்துத் துடைத்துப் பெரியப்பாவின் கல்லாவில் போட்டேன். அதற்கு நேர்மாறு, ஆட்டோவில் வந்த ஒரு பாட்டி. கட்டை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், "பிடிச்சுக்கோப்பா" என்று தன் தண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். அண்ணாந்து குடித்தேன். பாதி சட்டைக்குள் போனது.

மத்தியானம் தள்ளுவண்டியில் தயிர்சோறு, 40 ரூபாய், ஊறுகாய்க்கும் மோர்மிளகாய்க்கும் தனிக்காசு இல்லை. வாயில் வைக்கப்போனேன், பின்னாலிருந்து ஒரு குரல்:

"சூடா மாக்கான், ஆனே?"

சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்கிறார்! திரும்பினால் லோடுமேன் ஒருவர். நாற்பது வயசிருக்கும், தலையில் சும்மாடு, கண்ணில் குறும்பு. திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர். நான் கடைக்காரரிடம் "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டதை வைத்தே பிடித்துவிட்டாராம். பசியாறுகிறவன் மலேசியாக்காரன்தான் என்றார். கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிள்ளான் என்றேன்.

"கிள்ளானா? நான் அங்கதான் தம்பி ரெண்டு வருஷத்துக்கு மேல தே தாரிக் ஆத்துனேன்."

தே தாரிக் என்றால் எங்கள் ஊர் ஆற்றிய டீ. லாரி வந்துவிட்டது, ஓடிவிட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

பகல் முழுக்கக் கூட்டம், எழுத ஒன்றுமில்லை. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் நடந்ததை எழுதுகிறேன்.

லாரி வந்து நின்றது, இறக்குகிற ஆட்களில் ஒருவர் வரவில்லை. மேஸ்திரி பெரியப்பாவைப் பார்த்தார், பெரியப்பா என்னைப் பார்த்தார். லாரி மேல் ஏறிக் கட்டை ஓரத்துக்குத் தள்ளிக் கொடுக்கும் வேலை. கீழே நிற்கிறவர்கள் தோளில் வாங்கிக்கொண்டு போவார்கள். கட்டின கயிற்றில் கட்டைவிரலை நுழைத்து இழுக்க வேண்டும். இருபது கட்டு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. மார்கழிப் பனி, சட்டையோ பிழிந்தால் வடியும்.

நடுவில் எனக்கு ஒரு ஆசை வந்தது. கீழே இறங்கி, "ஒண்ணு என் தோள்ல வைங்க" என்றேன். மேஸ்திரி மறுக்கவில்லை. இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். எடை என்னமோ தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. பத்தடி நடந்ததும் முன்னால் இருக்கிற முனை இடப்பக்கம் போனது, நான் வலப்பக்கம் இழுத்தேன், பின்னால் தோகைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றியது. விழுந்தேன். கயிறு அறுந்து இருபது கரும்பும் சேற்றில் பரந்து கிடந்தன, மூன்று முறிந்துவிட்டன. சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவர் வந்து முதலில் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம்தான் கரும்பைப் பொறுக்கினார்கள்.

"கரும்பு கனக்காது தம்பி, ஆடும். அது ஆடுற பக்கம் நீயும் ஆடிக்கிட்டே போவணும்" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு அவரே ஒரு கட்டை ஏற்றி நடந்து காட்டினார். அறுபதை நெருங்கிய மனுஷன். முழங்கால் மடங்கி மடங்கி, ஓட்டமும் நடையுமாக, கரும்பு முனை மேலும் கீழும் போக அவர் தோள் அதோடு போனது. அந்த நடையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பாட்டி காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியை மாட்டிக்கொண்டு இப்படித்தான் நடப்பார், ஒரு சொட்டுச் சிந்தாது. தோளில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. சின்ன வயசில் அதை அமுக்கி விளையாடுவேன். வயசான பிறகு வெறுங்கையோடு கடைக்குப் போகும்போதும் பாட்டியின் நடை அதுதான். நாங்கள் பேரப்பிள்ளைகள் பின்னால் நின்று அதே மாதிரி நடந்து காட்டிச் சிரிப்போம்.

முறிந்த மூன்று கரும்பையும் துண்டு போட்டு எல்லோரும் தின்றோம். இரவு இரண்டு மணிக்கு, லாரி டயரில் சாய்ந்துகொண்டு.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியும்போது நெற்குன்றமே தெரியவில்லை. தெருவுக்குத் தெரு பழைய பாய், துணி, எவனோ ஒருத்தன் டயரையும் போட்டிருக்கிறான். பிள்ளைகள் சின்ன மேளத்தை வைத்து அடித்துத் தீர்க்கிறார்கள். கண் எரிச்சலில் அழுதபடியே சந்தைக்குப் போனோம். கரும்பு 500க்கு ஏறிவிட்டது, பெரியப்பாவின் முகத்தில் பத்து வயசு இறங்கிவிட்டது. காலை ஆறிலிருந்து பதினொன்று வரைக்கும் நிமிர நேரமில்லை. இப்போது கட்டை இழுப்பதில்லை, இன்னொரு பையனோடு முன்னும் பின்னுமாகத் தூக்குகிறேன். தெரு பெருக்குகிறவன் என்ற பட்டம் போய்விட்டது.

கூட்டம் அடங்கியதும் திருக்கோவிலூர்க்காரர் டீ வாங்கி வந்தார். 12 ரூபாய் டீ, கட்டைவிரல் உயரக் குவளை. "இதைக் குடுத்தா உங்க ஊர்ல அடிப்பாங்க" என்று அவரே சொன்னார்.

2017ல் போனாராம். ஓட்டல் வேலை, மாசம் 1,500 வெள்ளி என்று ஏஜென்ட் 90,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பதினைந்து நாள் சுற்றுலா அனுமதியில் ஏற்றிவிட்டான். இறங்கிய அன்றைக்கே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டார். காலை ஆறுக்கு நின்றால் ராத்திரி பதினொன்று. மாசம் 900தான் கையில் வந்தது. பதினாறாவது நாளிலிருந்து ஆள் சட்டவிரோதம், அதனால் வாசலைத் தாண்டப் பயம். "கிள்ளான்ல கடல் இருக்குன்னாங்க தம்பி. நான் பாக்கல." வாடிக்கையாளர்கள் மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, எல்லோரும் 'ஆனே' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணே என்பதன் தேய்மானம் அது. "ரெண்டு வருஷம் என் பேரே அதுதான்."

2019 கடைசியில் அரசாங்கம் பொதுமன்னிப்புத் திட்டம் போட்டபோது 700 வெள்ளி அபராதம் கட்டி, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார். அந்த டிசம்பரில் குடிநுழைவு அலுவலக வாசல்களில் விடியற்காலையிலிருந்து வரிசை நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. செய்தியில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் காரில் தாண்டியும் போயிருக்கிறேன், நெரிசலுக்கு அலுத்துக்கொண்டே.

எந்தக் கடை என்று கேட்டேன். பேரைச் சொன்னார். இங்கே எழுதவில்லை. என் அலுவலகத்திலிருந்து நாலு கடை தள்ளி இருக்கிறது.

"கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு ஒரு கூட்டம் வரும், பதினோரு மணிக்கு. நீங்கல்லாம் அதானா?"

"அதான்."

இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்தோம். அவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

"கடை இருக்கா?"

"இருக்குண்ணே. பக்கத்துக் கடையையும் எடுத்துப் பெருசாக்கிட்டாங்க."

"ஆக்கட்டும்" என்றார். அப்புறம், "இப்ப விசாவே வேணாமாமே உங்க ஊருக்கு?" என்று கேட்டார். ஆமாம், 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு முப்பது நாள் விசா இல்லாமல் வரலாம். ஆனால் இவருடைய விரல்களை அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள், பெயர் தடைப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். எத்தனை வருஷத்துக்கு என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்றார். அங்கே அவருக்கு வேலை வேண்டாமாம். மகள் எட்டாவது படிக்கிறாள், கிள்ளான் கடலைக் காட்டுவதாக வாய்விட்டுவிட்டாராம். மெரினாவைக் காட்டுங்களேன் என்று என் வாயில் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி கூலி பிரித்தார். சேற்றில் சாக்கை விரித்து, நோட்டுகளை ஆளுக்கொரு குவியலாக வைத்தார். கடைசியில் ஒரு சின்னக் குவியல், 300 ரூபாய். என் பக்கம் தள்ளினார். முந்தின ராத்திரி லாரிக்கு அரைக்கூலி. நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விசா, சட்டம் என்று ஆரம்பித்தேன். யாருக்கும் புரியவில்லை, திருக்கோவிலூர்க்காரரைத் தவிர. அவர் சத்தம் போட்டுச் சிரித்தார்.

"வாங்கிக்க தம்பி. உன்ன எவன் வந்து புடிக்கப்போறான்?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. "செஞ்ச வேலைக்குக் கூலிய வேணாங்காத. மத்தவன் கூலியும் தங்காது."

வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

காலையில் போனால் கட்டு 200. பத்து மணிக்கு 120. பதினொன்றுக்குப் பெரியப்பா கேட்கிறவர்களுக்குச் சும்மா கொடுக்கச் சொன்னார். மிச்சம் கிடந்த பத்துப் பதினைந்து கட்டை மாடுகள் பார்த்துக்கொண்டன. நாலு நாளாக நான் தடவித் தடவி அடுக்கியது. பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வருஷா வருஷம் இதுதான். போட்ட காசு வந்துருச்சு, சோத்துக்கு வா."

வீட்டு வாசலில் பெரியம்மா பானையில் பால் பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று எல்லோரும் கத்தினார்கள், என் குரல் எழும்பவில்லை. சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கருகியிருந்தது, அதுதான் ருசி. வாழை இலையில் மொச்சைக் குழம்பு, பூசணிக் கூட்டு, வடை. பாதிச் சாப்பாட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேனாம். கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 16, வியாழன்

நேற்று நெற்குன்றத்திலேயே ஒரு கடையில் அப்பாவுக்கு வேட்டி எடுத்தேன். பெரியம்மா மஞ்சள் கொத்தும் இரண்டு துண்டு கரும்பும் பையில் திணித்தார். பச்சைச் செடி கொண்டுபோனால் அங்கே பிடுங்கிவிடுவார்கள் என்று கெஞ்சித் திருப்பிக் கொடுத்தேன்.

சாயங்காலம் கோலாலம்பூர். குடிமக்களுக்கான தானியங்கி வாசலில் கடப்பிதழை வைத்துக் கட்டைவிரலை அழுத்தினேன். சிவப்பு. துடைத்துவிட்டு அழுத்தினேன். சிவப்பு. இடது கையையும் வைத்துப் பார்த்தேன். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். கயிறு இழுத்த இடத்தில் தோல் உரிந்து, அதன்மேல் தோகை கிழித்த கோடுகள். என் ரேகை எனக்கே தெரியவில்லை.

முகப்பிடத்துக்கு அனுப்பினார்கள். அதிகாரி இளம்பெண். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கெர்ஜா ஆப்பா?" என்ன வேலை என்று கேட்கிறார்.

கணக்காளர் என்றேன். கடப்பிதழைப் பார்த்தார், திரும்பவும் விரலைப் பார்த்தார்.

"இந்தக் கையோடா?"